மூச்சுக்குக் கட்டிய கயிறு

என் பெயர் ஆரோக்கியமேரி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் பெயரைச் சொன்னபோதெல்லாம் சீட்டு எழுதுகிற பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள், எனக்குப் பழகிவிட்டது. காரைக்குடியில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் நான். எனக்கு வந்த வியாதி குறட்டை. "குறட்டைக்கா மெட்ராஸ் வரைக்கும் போனீக?" என்று என் நாத்தனார் முதல் பள்ளிக்கூடத்து ஆயா வரை கேட்டாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. வாய் வலிக்க வேறு காரணமும் உண்டு, அதையும் சொல்லத்தான் போகிறேன். மொத்தமாக எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வந்தது தலைவலி. காலையில் எழுந்ததும் மண்டை கனக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், இரவு முழுக்கக் கல் சுமந்தது போல உடம்பு அசதியாக இருக்கும். பள்ளியில் இரண்டாவது பீரியடிலேயே கண் சொருகும். ஒரு நாள் கரும்பலகையில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தவள் சாக்பீஸைப் பிடித்தபடியே நின்று தூங்கிவிட்டேன். எழுப்பியது என் குறட்டைச் சத்தம்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல எதுவும் பிரச்சினையா டீச்சர்?" என்று இரக்கமாகக் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

மூன்று வருஷம் டாக்டர் டாக்டராக அலைந்தேன். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். ரத்தசோகை என்று டானிக் கொடுத்தார்கள். கண்ணாடி மாற்றச் சொன்னார்கள். எந்த டாக்டரும் குறட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஒருவரிடமும் என் வீட்டுக்காரர் சவரிமுத்து, "அப்படியெல்லாம் இல்லைங்க, லேசா மூச்சு சத்தமா விடுவாக" என்று சொல்லிவிட்டார். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஆம்பளை குறட்டை விட்டால் நல்லாத் தூங்குறாக என்பார்கள். பொம்பளை விட்டால் அதற்குச் சொல்லே கிடையாது, மூச்சு சத்தம் என்று பூசி மெழுகுவார்கள். அவருக்கு அந்தச் சத்தம் எவ்வளவு என்றும் தெரியாது. தபால் ஆபீஸ் வேலை முடிந்து வந்து படுத்தால் கூரை இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்காத மனிதர்.

தெரிந்தவள் என் மகள் ஜெசிந்தா. ஒரே பிள்ளை. கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே என் பக்கத்தில்தான் படுக்கிறாள். குறட்டைச் சத்தம் அவளுக்குப் பயம் இல்லை, சத்தம் திடீரென்று நிற்பதுதான் பயம். நின்றால் மூச்சும் நின்றிருக்கும். உடனே என்னை உலுக்கி ஒருக்களித்துப் படுக்க வைப்பாள். தினமும் எழுந்து உட்கார்ந்து உலுக்க முடியாமல் ஒரு வழி கண்டுபிடித்தாள். கைக்குழந்தைக்காரிகள் தொட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு படுப்பார்களே, அதே மாதிரி பழைய சேலைக் கரையைக் கிழித்து ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். சத்தம் நின்றால் கை தானாக இழுக்கும். நான் புரண்டு படுப்பேன். மூச்சு வந்துவிடும். இதை அவள் அரைத் தூக்கத்திலேயே செய்யப் பழகிவிட்டாள்.

மூச்சு நிற்கிற விஷயம் மதுரையில் ஒரு பெரிய டாக்டருக்கு முன்னால்தான் வெளியே வந்தது. அவரும் குறட்டை உண்டா என்றார். என் வீட்டுக்காரர் "லேசா..." என்று ஆரம்பித்ததும் ஜெசி எழுந்து நின்றுவிட்டாள். "அப்பா, சும்மா இருங்கப்பா. உங்களுக்கு என்ன தெரியும்? சார், எங்கம்மா பயங்கரமாக் குறட்டை விடுவாக. நடுவுல மூச்சே நின்னுரும்." எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் காலை மிதித்தேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இத ஏம்மா மூணு வருஷமா யாரும் சொல்லல?" என்றார்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். தூங்கும்போது உடம்பில் எல்லாத் தசையும் தளருகிறது. தொண்டையும் தளருகிறது, நாக்கு பின்னால் சரிகிறது. வழி பாதி அடைத்தால் குறட்டை. முழுவதும் அடைத்தால் காற்றே போகாது. நெஞ்சு இழுத்து இழுத்துப் பார்க்கும். ரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடும், தொண்டை திறக்கும், மறுபடியும் தூக்கம். எழுந்தது நமக்கு ஞாபகமே இருக்காது. இரவு முழுக்க இப்படி நடந்தால் படுத்தோம் என்று பெயரே தவிர, தூங்கவில்லை. தலைவலி, கொதிப்பு, கரும்பலகைத் தூக்கம் எல்லாம் அதன் பிள்ளைகள். "தூக்கத்துலயே போயிருவேனா சார்?" என்று கேட்டேன். "இதயம் எத்தன நாளைக்குத் தாங்கும்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் ஜெசிக்கு மணப்பாறையிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. பையன் பள்ளி ஆசிரியர், நல்ல குடும்பம், இவளுக்கும் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. பையனின் போட்டோவை எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்டால், "அம்மாவுக்குச் சரியாகட்டும்" என்பாள். இருபத்தாறு வயது. நான் தூங்கக் கற்றுக்கொள்ளும் வரை அவள் எங்கும் போக மாட்டாள். எனக்குச் சாவைவிடப் பெரிய பயம் அதுதான்.

தூக்கத்தை அளக்கிற பரிசோதனைக்கு மெட்ராஸ் போனோம். ரயிலில் நான் தூங்கவே இல்லை, செபமாலையை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எதிர்ப் படுக்கையில் ஒரு ஆசாமி போட்ட குறட்டையில் பெட்டியே அதிர்ந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆம்பளை அல்லவா.

ஆஸ்பத்திரியில் என் தலையில் பசை தடவி ஒயர் ஒயராக ஒட்டினார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பட்டை, மூக்குக்குக் கீழே ஒரு குழல், விரல் நுனியில் ஒரு கிளிப்பு. அடுத்த அறையில் ஒரு மெஷின் காகிதத்தில் கோடு கோடாக எழுதித் தள்ளும். பெண் நோயாளி என்பதால் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்றார்கள். ஜெசி பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

முடிவு நல்லபடியாக வந்தது. அடைப்பு இருக்கிறது, ஆனால் லேசானதுதான், அசைவுதான் கொஞ்சம் அதிகம் என்றார்கள். லேசாக இருப்பவர்களுக்குப் பல் டாக்டர் செய்து தருகிற தகடே போதுமாம். ஜெசி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். இவர் வாசலுக்குப் போய் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பழத்தின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

மதுரையில் நாங்கள் பார்த்த பல் டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், நேராகப் பேசுகிறவர். கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பிடித்தால் அதோடு நாக்கும் முன்னால் வரும், தொண்டை திறக்கும், அவ்வளவுதான் சூட்சுமம் என்றார். மேல்பல்லுக்கு ஒன்று, கீழ்ப்பல்லுக்கு ஒன்று என்று இரண்டு தகடுகள். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் தாடை பின்னால் போக முடியாது. ஒரு இரும்புக் கரண்டி மாதிரி ஒன்றில் ரோஸ் நிறக் களியை நிரப்பி வாய்க்குள் அழுத்தி அச்செடுத்தார். களி தொண்டைக்கு இறங்குகிறது, எனக்குக் குமட்டுகிறது, கண்ணில் தண்ணீராக ஊற்றுகிறது. "மூக்கால மூச்சு விடுங்கம்மா" என்கிறார். அது வந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்?

என் கடைவாய்ப் பற்கள் சில முன்பே போயிருந்தன. ஈறும் பலமில்லை. "தகடு பிடிச்சு நிக்கப் பல்லுதான் ஆதாரம். உங்களுக்கு இருக்குறது காணும் காணாதுன்னு இருக்கு. லேசான கேஸ்ங்கிறதால செய்யுறேன்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

தகடு வந்தது. வாயில் மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் கீழ்த்தாடை துருத்திக்கொண்டு சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி இருந்தேன். "எப்பவும் இப்படித்தானே இருப்ப, இதுக்கு எதுக்கு டாக்டர்?" என்றார் இவர். எச்சில் ஒழுகித் தலையணை நனைந்தது. காலையில் தகட்டைக் கழற்றினால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று பொருந்தாது, இட்லியைக்கூட ஒரு பக்கமாகத்தான் மெல்ல வேண்டும். ஆனால் குறட்டை நின்றுவிட்டது! சுத்தமாக நின்றுவிட்டது. ஜெசி சேலைக் கரையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தன் அறையில் போய்ப் படுத்தாள். மணப்பாறைக்குச் சரி என்று சொல்லி அனுப்பினோம். எத்தனை நாளைக்கு அப்புறம் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது!

தலைவலி மட்டும் போகவில்லை. தாடை வலியோடு சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஆத்தங்குடிக் கல் தரையில் சற்றே உட்கார்ந்தேன். பால் பொங்கி, சட்டி கருகி, பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி எழுப்பினாள். அன்று மத்தியானம் நான் கண்ணயர்ந்தபோது, தகட்டை மாட்டிவிட்டு ஜெசி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நான் எழுந்தபோது அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"சத்தமே இல்லம்மா. ஆனா வயிறு ஏறி ஏறி இறங்குது. மூக்குல விரல வச்சுப் பாத்தேன், காத்தே வரல."

குறட்டை நிற்பது வேறு, அடைப்பு நிற்பது வேறு என்று பல் டாக்டரம்மா சொன்னார். தகடு சத்தத்தைக் குறைத்துவிட்டது, அடைப்பை விட்டுவிட்டது. முன்பாவது சத்தம் நின்றால் ஜெசிக்குத் தெரியும். இப்போது சத்தமே இல்லாததால் நிற்பதும் தெரியவில்லை. லேசான கேஸுக்கு இப்படி ஆகக் கூடாதே என்று அவர் என் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் மெட்ராஸ் போகச் சொன்னார்.

இந்தத் தடவை பரிசோதனை செய்தவர் வேறு ஒருவர், வயதானவர். துணை யாரும் உள்ளே கூடாது என்று ஜெசியை வெளியே உட்கார வைத்துவிட்டார். காலையில் எங்களைக் கூப்பிட்டுப் பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் மேசையில் விரித்தார். புதியதில் கோடு படுத்துக் கிடந்தது. படுத்த இடமெல்லாம் என் மூச்சு நின்ற இடம். கடுமையிலும் கடுமை என்றார்.

"போன தடவை பக்கத்துல யாரு படுத்திருந்தது?"

"நான்தான் சார்" என்றாள் ஜெசி.

"அசைவு நெறைய இருக்கு. ஒவ்வொரு அடைப்பும் ஆரம்பிக்கும்போதே யாரோ எழுப்பின மாதிரி இருக்கு. தொட்டீங்களா?"

அவள் தன் கைப்பையிலிருந்து அந்தச் சேலைக் கரையை எடுத்தாள். ஒயர்களுக்கு நடுவே என் மணிக்கட்டில் அதையும் கட்டியிருக்கிறாள்! போர்வைக்குள் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. எனக்கே அது உறைக்கவில்லை, என் கையில் அது இல்லாவிட்டால்தான் எனக்கு வித்தியாசமாக இருந்திருக்கும்.

"இது மூச்சு நிக்குதான்னு பாக்குற டெஸ்டும்மா. நிக்க விட்டாத்தானே தெரியும்?"

"மூச்சு நின்னா எப்படி சார் பாத்துக்கிட்டு இருக்குறது?" என்றாள் ஜெசி. அந்தப் பெரியவர் காகிதங்களை மெதுவாக மடித்துக் கொடுத்தார்.

மதுரைக்குத் திரும்பினோம். பல் டாக்டரம்மா தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். தகட்டை மாற்றி அமைத்துத் தாடையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். கீழ்வரிசையில் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது, பிறகு அதன் பக்கத்துப் பல். "இதுக்கு மேல தள்ளுனா தகடு நிக்கும், பல்லு நிக்காது" என்றார். கொஞ்சமாவது அடைப்புக் குறையும், இருக்கிற தகட்டையே ராத்திரி மாட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டார். பல் இல்லாதவர்களுக்கென்று இன்னொன்று உண்டாம், ரப்பர் குமிழ் மாதிரி. நாக்கை அதற்குள் நுழைத்தால் உறிஞ்சி முன்னால் பிடித்துக்கொள்ளுமாம். அதையும் வரவழைத்துக் காட்டினார். மாட்டிய மறு நிமிஷம் நான் அவர் மேலேயே வாந்தி எடுத்தேன். அந்த மனுஷி முகம் சுளிக்கவில்லை, "பரவால்லம்மா, பரவால்ல" என்று எனக்கு வாயைத் துடைத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தாடை எலும்பை அறுத்து முன்னால் நகர்த்துகிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. என் கொதிப்புக்கும் இதயத்துக்கும் மயக்க மருந்து கொடுக்க ஒருவரும் துணியவில்லை. இரவு முழுக்க மூக்கு வழியாகக் காற்றை ஊதுகிற மெஷின் ஒன்று வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதன் விலையைக் கேட்டதும் இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், வெகுநேரம் திரும்பவில்லை. எங்கள் தெருவில் கரண்ட் போகிற அழகுக்கு அந்த மெஷின் வந்தும் என்ன ஆகப்போகிறது என்று நான்தான் அவரைத் தேற்றினேன்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் தொண்டை திறந்தால் திறக்கட்டும், மூடினால் மூடட்டும், கல்யாணம் நடக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று சாமியார் பூசையில் படிப்பார். முதல் ஓலை வாசித்தாயிற்று. "இனிமே கயித்த நான் பிடிக்கிறேன். நீ நிம்மதியாக் கிளம்பு தாயி" என்றார் இவர் ஜெசியிடம். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. வயதான காலத்தில் புருஷன் பொண்டாட்டிக்குச் செய்யாமல் யார் செய்வது?

அவர் பாடுபட்டார். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு நாக்கு அழுகிவிடும். காபியாகக் குடித்தார், கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டார், ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே பார்த்தார். எல்லா நாளும் காலையில் கயிறு அவர் கையில் பத்திரமாக இருக்கும், ஆள்தான் தூங்கியிருப்பார். இரண்டாவது ஓலை வாசித்ததற்கு மறுநாள் நான் எழுந்தபோது உதடெல்லாம் நீலமாக இருந்ததாம். உலுக்கி எழுப்பியது ஜெசி. அவளுடைய அறையில் அவள் தூங்கிக்கொண்டிருப்பதாக நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். ஒரு நாளும் தூங்கவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். "என்னப்பா, இப்படித் தூங்கிட்டீகளே" என்று மட்டும் கேட்டாள். இவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அவள் கோபித்திருந்தாலாவது தேவலை.

அந்த வாரமே அவள் தனியாகச் சாமியாரைப் பார்க்கப் போனாள். பின்னால் அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ஓலையில கேட்டீகளே சாமி, தடை இருந்தாச் சொல்லச் சொல்லி. தடை இருக்கு. மூணாவத வாசிக்காதீக" என்றாளாம். என்ன தடை என்று கேட்டதற்கு, "எங்கம்மா தூங்குறாக சாமி" என்றாளாம்.

எனக்கு வந்த கோபத்தில் கையில் கிடைத்த டம்ளரை விட்டெறிந்தேன். "ஏன்டி, உனக்குக் கிறுக்கா? நான் செத்துட்டுப் போறேன், உனக்கு என்ன?" என்று கத்தினேன். "கத்தாதம்மா, பல்லு ஆடுது" என்றாள். மணப்பாறைக்காரர்கள் நல்ல மாதிரி, ஒரு சுடுசொல் பேசவில்லை. அம்மாவுக்குச் சுகமாகட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார்கள். எனக்குச் சுகமாகாது என்பது அவர்களுக்கும் தெரியும். தேவகோட்டையில் வேறு பெண் பார்த்திருப்பதாகக் கேள்வி. நல்லா இருக்கட்டும்.

அந்தக் கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாளன்று இவளுக்கு ஒரே ஒரு இரவுத் தூக்கமாவது கொடுத்துவிடுவது என்று வைராக்கியம் கொண்டேன். நான் தூங்காவிட்டால் அவள் தூங்கலாம், இதற்கு எந்த டாக்டரும் வேண்டாம். சாயங்காலமே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், சாப்பிடாமல் இருந்தேன், செபமாலையோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "இன்னைக்கு நான் முழிச்சுக்கிட்டு இருப்பேன், நீ படுடி" என்றேன். அவள் சிரித்தாள். விடிந்து பார்த்தால் நான் படுத்திருக்கிறேன், போர்த்திவிட்டிருக்கிறது, தலைக்குக் கீழே தலையணை இருக்கிறது, வாயில் தகடு இருக்கிறது.

"நான் எப்படித் தூங்கினேன்?" என்று குழறினேன்.

"உக்காந்த. நான் தலைகாணி எடுக்க அங்குட்டுப் போனேன். திரும்பி வரதுக்குள்ள தூங்கிட்ட."

"அப்ப நீ?"

"நான் பாத்துக்கிட்டுத்தான்மா இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, என் வாயிலிருந்து தகட்டைக் கழற்றிக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.